நனையத் துணிந்த கேமரா: தனியாக வாங்குவதா, கைபேசியே போதுமா?

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்படியே தண்ணீரில் இறங்கக்கூடிய ஒரு வீடியோ கேமரா தனியாகத் தேவையா? பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் இதற்குப் பதில் சொல்வது எளிதாக இருந்தது. அன்றைய கைபேசி மழைத்தூறலுக்கே அஞ்சியது. இன்றோ பல கைபேசிகள் தண்ணீரில் விழுந்தாலும் உயிரோடு திரும்புகின்றன, 4கே வீடியோ எடுக்கின்றன, மங்கிய வெளிச்சத்திலும் துலக்கமாகப் பதிவு செய்கின்றன. படத்தின் தரத்தை மட்டும் தராசில் வைத்தால், கைக்கு அடக்கமான நீர்புகா கேமராக்களில் பலவும் ஒரு நல்ல கைபேசியிடம் தோற்றுவிடும். ஆகவே எது நல்ல படம் தரும் என்று கேட்டு இந்த முடிவுக்கு வர முடியாது. எதை நீங்கள் கை நடுங்காமல் தண்ணீருக்குள் கொண்டுபோவீர்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

கைபேசிக்குள் கேமரா மட்டுமா இருக்கிறது? வங்கிக் கணக்கு, பயணச்சீட்டு, வீட்டாரின் எண்கள், அலுவலகக் கடிதங்கள் எல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன. இடுப்பளவு நீரில் நின்று அதை உயர்த்திப் பிடிப்பவரின் கவனம் காட்சியில் இருப்பதில்லை, பிடியில்தான் இருக்கிறது. பெரிய அலை வரும்போது, எடுக்க வேண்டிய காட்சியே அதுதான் என்றாலும், கை தானாக மேலே போய்விடுகிறது. தனிக் கேமரா தொலைந்தால் ஒரு பொருள் தொலைந்தது, அவ்வளவுதான். நீர்புகா சிறு கேமராவின் தலையாய நன்மை இந்தக் கவலையின்மைதான் என்பது என் கணிப்பு. மற்ற நன்மைகள் எல்லாம் இதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவை. குறைகளும் கொஞ்சமல்ல, அவற்றில் பாதி விளம்பரத்தில் தென்படுவதே இல்லை.

ஒரு சிறிய வரலாறு

பாக்கெட் வீடியோ கேமரா என்ற வகை ஒருகாலத்தில் கொடிகட்டிப் பறந்தது. ப்யூர் டிஜிட்டல் நிறுவனத்தின் ஃபிலிப் கேமராவில் நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் பதிவு, மீண்டும் அழுத்தினால் நிறுத்தம். பக்கவாட்டிலிருந்து மடக்கி எடுக்கும் யுஎஸ்பி முனையைக் கணினியில் செருகினால் வேலை முடிந்தது. அந்த எளிமைக்காகவே மக்கள் வாங்கினார்கள். 2009-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை ஏறத்தாழ 59 கோடி டாலருக்கு வாங்கியது. 2011 ஏப்ரலில் ஃபிலிப்பையே இழுத்து மூடியது. கைபேசிகள் வீடியோ எடுக்கக் கற்றுக்கொண்டதும் இந்த வகையின் காலடி நிலம் சரிந்துவிட்டது.

தண்ணீரைத் தாங்கிய சகோதரர்கள் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். சான்யோவின் எக்ஸாக்டி ஈ1 2007-இல் வந்தது. கோடக் 2010-இல் கொண்டுவந்த பிளேஸ்போர்ட் 3 மீட்டர் ஆழம் வரை தாங்கியது. கைபேசியால் அன்று செய்ய முடியாத ஒன்றை இவை செய்தன. ஆனால் கோடக்கே 2012 பிப்ரவரியில் டிஜிட்டல் கேமராக்களையும் பாக்கெட் வீடியோ கேமராக்களையும் கைவிடுவதாக அறிவித்தது. அந்த இடத்தை, உடலிலோ சைக்கிளிலோ மாட்டிக்கொண்டு ஓட்டத்திலேயே எடுக்கும் சிறு ஆக்‌ஷன் கேமராக்கள் பிடித்துக்கொண்டன. தொடக்கத்தில், அந்த வகையில் பேர்பெற்ற கோப்ரோவுக்குத் தண்ணீருக்குள் போகத் தனிக் கூடு வேண்டியிருந்தது. 2015-இன் ஹீரோ4 செஷனும் 2016-இன் ஹீரோ5 பிளாக்கும் கூடில்லாமலே 10 மீட்டர் தாங்கின. இன்று 'பாக்கெட்டில் அடங்கும் நீர்புகா வீடியோ கேமரா' என்று தேடுபவர் பெரும்பாலும் இந்த வாரிசுகளில் ஒன்றைத்தான் வாங்கப்போகிறார்.

கைபேசி எதுவரை போகும்

பெட்டியில் ஐபி67, ஐபி68 என்று அச்சிட்டிருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான, உற்பத்தியாளரே வகுத்துக்கொண்ட நிபந்தனை. எனவே இரண்டு கைபேசிகளில் ஒரே 68 இருந்தாலும் ஒன்று 1.5 மீட்டரோடும் மற்றொன்று 6 மீட்டரோடும் நின்றுவிடலாம். ஐபோன் 12 தொடங்கி வந்த பல மாதிரிகளுக்கு ஆப்பிள் சொல்வது 6 மீட்டர், 30 நிமிடம். அதே ஆப்பிள்தான் இந்தத் தாங்குதிறன் நிரந்தரமானதன்று, நாளடைவில் குறையலாம், திரவத்தால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றும் எழுதிவைத்திருக்கிறது. மற்ற நிறுவனங்களும் இதே பாட்டைத்தான் வேறு ராகத்தில் பாடுகின்றன.

இந்தச் சோதனை நடப்பது புதிய கருவியில், அசையாத நன்னீரில். உப்புநீர் வேறு கதை, குளோரின் கலந்த நீச்சல்குள நீர் இன்னொரு கதை. சோப்புநீர் இரண்டையும்விட மோசம். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால், சாதாரணத் தண்ணீர் நுழையத் தயங்கும் நுண்ணிய இடுக்கிலும் அது வழிந்து போய்விடும். கைபேசியை ஒருமுறை கீழே போட்டு, விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருந்தால் பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கு மதிப்பில்லை.

இதையெல்லாம் தாண்டி ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. கைபேசியின் திரை, விரல் படும்போது மாறும் மின்தேக்கத்தை உணர்ந்து வேலை செய்வது. தண்ணீரும் மின்சாரம் கடத்துவதால், நீருக்குள் திரைக்கு விரலும் ஒன்றுதான், வெள்ளமும் ஒன்றுதான். பதிவை நிறுத்த முடியாது, தொடங்கவும் முடியாது. சில கைபேசிகளில் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்திப் பதிவைத் தொடங்கலாம் என்பது ஓரளவு ஆறுதல். கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறைக்குள் கைபேசியைப் போட்டுக்கொண்டால் நனைவதிலிருந்து தப்பிக்கலாம், திரைச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது. கொஞ்சம் ஆழம் போனதும் தண்ணீரின் அழுத்தம் பிளாஸ்டிக்கைத் திரையோடு ஒட்டவைத்துவிடும். அதன்பின் திரை தன்பாட்டுக்கு எதையெதையோ திறந்து மூடிக்கொண்டிருக்கும். உறைக்கும் லென்ஸுக்கும் நடுவில் பனிபோல் ஆவி படர்வது தனி.

மழை, அருவிச் சாரல், கால் நனைக்கும் கடற்கரை, படகின் மேல் தெறிக்கும் நீர் என்ற அளவில் உங்கள் தேவை முடிந்துவிட்டால் கைபேசியே போதும். இன்னொரு கருவியை வாங்கி, அதற்கொரு சார்ஜர், அதற்கொரு கார்டு என்று சுமக்க வேண்டியதில்லை. தலை நனையும் இடத்தில்தான் கணக்கு மாறுகிறது.

ஆழத்தின் எண்

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது கேமரா வாங்குபவருக்கும் பொருந்தும், ஆனால் தலைகீழாக. ஆழத்தின் எண்ணுக்கு நாம் அளவுக்கு மீறி மரியாதை கொடுக்கிறோம். கோப்ரோவின் அண்மைக்கால மாதிரிகளில் பல 10 மீட்டர் தாங்குபவை. டிஜேஐயின் ஆஸ்மோ ஆக்‌ஷன் 4-க்கு 18 மீட்டர், அதற்கடுத்த 5 ப்ரோ 20 மீட்டர். ஓஎம் சிஸ்டத்தின் டிஜி-7 என்ற பாக்கெட் கேமராவுக்கு 15 மீட்டர். ஆக்சிஜன் உருளையில்லாமல் மூச்சை அடக்கி முங்குபவர்களில் பெரும்பாலோர் 4, 5 மீட்டரைத் தாண்டுவதில்லை. அவர்களுக்கு 10-க்கும் 20-க்கும் உள்ள வேறுபாடு காகிதத்தில் மட்டும்தான்.

ஆனால் அசையாத நீரில் அளந்த எண் அது என்பதை மறக்கக்கூடாது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. வேகமாகத் தண்ணீரில் மோதினாலும் அழுத்தம் கூடும். 5 மீட்டர் உயரப் பாறையிலிருந்து குதிப்பவர் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறார். அந்த வேகத்தில் கேமராவின் முகத்தில் படும் அழுத்தம் அதே 5 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்கு ஈடானது. எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மோதும் அந்தக் கணத்தில் மட்டும் அது இன்னும் பல மடங்கு எகிறும். தட்டையான முகம் நீரில் பட்டென்று அறைந்தால் அந்த அதிர்ச்சி ஆழக் கணக்குக்குள் அடங்காது. 3 மீட்டர் தாங்கும் கேமராவை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பது ஆபத்து என்பது இதனால்தான். கைபேசியோடு நீர்ச்சறுக்கு வேண்டாம் என்று நிறுவனங்கள் எச்சரிப்பதற்கும் இதே காரணம்.

வெயிலும் இதில் ஒரு வேலை செய்கிறது. மணலில் வைத்த கேமராவின் உள்காற்று 60 பாகை செல்சியஸ் வரை சூடேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 25 பாகைத் தண்ணீரில் முக்கினால் உள்ளே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு விழுந்துவிடும். அது ஏறக்குறைய 1 மீட்டர் ஆழத்துக்கு ஈடான உறிஞ்சல். கேமரா தண்ணீரைத் தானே உள்ளே இழுக்க முயல்கிறது என்று சொல்லலாம். மூடி சரியாக இருந்தால் ஒன்றும் ஆகாது. மூடியின் ஓரத்தில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தால் போதும், கதை முடிந்தது. நிழலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு இறங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் அந்த ரப்பர் வளையத்தில்

நீர்புகா கேமரா கெட்டுப்போவது பெரும்பாலும் ஆழத்தால் அன்று, மூடியால். பேட்டரிக்கும் கார்டுக்கும் ஒரு கதவு, அதன் உள்விளிம்பில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம். மொத்தக் காவலும் அதன் கையில். கதவை மூடும்போது வளையத்தின் மேல் ஒரு மணல் துகள் இருந்தால், வளையம் அந்த இடத்தில் மட்டும் மயிரிழை உயர்ந்து நிற்கும். மேலோட்டமாக நீந்தும்போது எதுவும் தெரியாது. 2 மீட்டர் போனதும் அந்த மயிரிழை வழியாகத் தண்ணீர் கசியத் தொடங்கும்.

கதவைச் சாய்வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வளையத்தின் மேல் இருக்கும் நூலும் தூசியும் பளிச்சென்று தெரியும். விரல் நுனியால் ஒருமுறை சுற்றிவரத் தடவினால் கண்ணுக்குத் தப்பியது கையில் அகப்படும். பஞ்சால் துடைக்கக்கூடாது, இழை ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு அரை நிமிடம் ஆகாது. கடற்கரையில் ஈரக்கையோடு கார்டு மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் நூறு முறை யோசியுங்கள். பதிவு நின்றுபோனாலும் பரவாயில்லை, அறைக்குப் போய் மாற்றிக்கொள்வதே மேல்.

கடலிலிருந்து வந்ததும் கதவைத் திறக்காமல் கேமராவை நன்னீரில் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். குழாயின் கீழ் காட்டி எடுத்தால் போதாது. இடுக்கில் தங்கிய உப்புநீர் காய்ந்தால் படிகமாகிவிடும், அடுத்த முறை கதவு மூடும்போது அந்தப் படிகம் வளையத்தைக் கீறும். ஊறும்போது பொத்தான்களை நாலைந்து முறை அழுத்திவிடுங்கள், அடியில் ஒளிந்திருக்கும் உப்பும் வெளியேறும். பிறகு துடைத்து, முழுதாகக் காய்ந்தபின் திறக்கலாம். ரப்பர் காலப்போக்கில் இறுகும் என்பதால், வளையத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. இது கேமராவின் மறைமுகச் செலவு, வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பராமரிப்பெல்லாம் தனக்கு ஒத்துவராது என்று நினைப்பவர் கதவே இல்லாத, பேட்டரியையும் நினைவகத்தையும் உள்ளேயே அடைத்துவைத்த வகையைப் பார்க்கலாம். கழற்ற முடியாத பேட்டரி ஒரு குறைதான். ஆனால் திறக்க முடியாத இடத்தில் மணல் போகாது.

தண்ணீருக்குள் படம்

காற்றில் 90 பாகை அகலம் காட்டும் லென்ஸ், தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீருக்குள் போனதும் சுமார் 64 பாகைதான் காட்டும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதன் விளைவு இது. மீன் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும், பெரிதாகவும் தெரியும். அகன்ற கோணம் கொண்ட ஆக்‌ஷன் கேமராக்களுக்கு இந்த இழப்பைத் தாங்கும் வசதி இருக்கிறது. கோணம் குறுகிய பாக்கெட் கேமராக்களிலும் கைபேசிகளிலும், பக்கத்தில் நீந்தும் நண்பரின் தலை சட்டகத்துக்குள் இருந்தால் கால் வெளியே போய்விடும். திரும்பி வந்து பார்த்த பிறகுதான் இது தெரியவரும்.

நிறம் அடுத்த தலைவலி. நீர் முதலில் சிவப்பைத் தின்கிறது. 5 மீட்டருக்குள்ளாகவே சிவப்பின் பெரும்பகுதி போய், படம் முழுவதும் நீலப்பச்சையாகத் தோய்ந்துவிடும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று, ஒளி கடக்கும் மொத்தத் தொலைவுதான் கணக்கு என்பது. 3 மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர் தள்ளி இருக்கும் பவளத்திலிருந்து உங்கள் லென்ஸை அடையும் ஒளி 6 மீட்டர் நீரைக் கடந்திருக்கிறது. நிறம் வேண்டுமென்றால் ஆழம் குறைவாக, பொருளுக்கு நெருக்கமாக, வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். லென்ஸின் முன் மாட்டும் சிவப்பு வடிகட்டி ஓரளவு உதவும். ஆனால் அது வெளிச்சத்தையும் சேர்த்தே குறைக்கும், மேலே வந்ததும் கழற்ற மறந்தால் வானமே செங்காவியாகிவிடும். கேமராவின் 'நீருக்கடி' நிறமாற்ற முறை ஆழமில்லாத இடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. முற்றாகத் தொலைந்துபோன சிவப்பை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

நெருங்கி எடு என்றால் எவ்வளவு நெருங்குவது? ஆக்‌ஷன் கேமராக்கள் பலவற்றில் குவியத்தை மாற்ற முடியாது. காற்றில் 30 சென்டிமீட்டரிலிருந்து தெளிவாகத் தெரியும் லென்ஸுக்கு, நீருக்குள் 40 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். விரல்நுனி அளவுள்ள நத்தையையோ நண்டுக்குஞ்சையோ அதில் எடுக்க முடியாது. இங்கேதான் டிஜி-7 போன்ற கட்டியான பாக்கெட் கேமராக்கள் பழைய மானத்தைக் காப்பாற்றுகின்றன. லென்ஸுக்கு 1 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதையும் குவிக்கின்றன, 4 மடங்கு ஒளியியல் பெருக்கமும் (ஆப்டிகல் ஜூம்) உண்டு. அசைவை அடக்குவதில் ஆக்‌ஷன் கேமராவுக்கு அவை ஈடாகா. ஓடிக்கொண்டே எடுத்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

அசைவை அடக்கும் அந்த வித்தையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கேமரா சட்டகத்தின் ஓரங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறியும் கைரோ உணரி சொல்லும் திசைக்கு எதிராகப் படத்தை நகர்த்துகிறது. பகலில் இது மாயம்போல் இருக்கும். வெளிச்சம் மங்கியதும் ஒவ்வொரு சட்டகமும் திறந்திருக்கும் நேரம் கூடிவிடுவதால், படம் அசையாமல் நிற்க, உள்ளிருக்கும் உருவங்கள் மட்டும் திடீர் திடீரென்று கலங்கும். ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சார் சிறியதாக இருக்க இருக்க இந்தத் தொல்லை அதிகம். பழைய ஆக்‌ஷன் கேமராக்களிலும் பாக்கெட் கேமராக்களிலும் இருந்தது 1/2.3 அங்குல வகைச் சென்சார், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலம். ஆஸ்மோ ஆக்‌ஷன் 4-இல் இருப்பது அதைவிடப் பெரிய 1/1.3 அங்குலம். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் 5.3கே, 8கே எண்களைவிட, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்தப் பின்னம்தான் உங்கள் மாலைநேர வீடியோவின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

ஒலியை எதிர்பார்க்காதீர்கள்

நீர்புகா கேமராக்களின் மிகப் பெரிய பலவீனம் எது என்று கேட்டால் தயங்காமல் ஒலி என்பேன். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒன்று மைக்கின் மேல் இருக்கும். அதைத் தாண்டி வரும் குரல் எப்போதும் ஒரு மாற்றுக் குறைந்தே ஒலிக்கிறது. நீரிலிருந்து தலையைத் தூக்கிய உடனே பேசிப் பாருங்கள்; அந்தத் துளைகளின் மேல் இன்னும் ஒரு நீர்ப்படலம் நின்றுகொண்டிருக்கும். உங்கள் குரல் அடைத்த மூக்கோடு பேசியதுபோல் பதிவாகும், இடையிடையே 'குளுக்' என்று ஒரு துளி உடையும். மைக் துளை கீழ்நோக்க கேமராவை இரண்டு முறை உதறிவிட்டு, சில நொடி பொறுத்துப் பேசினால் ஓரளவு தேறும். துளைக்குள் ஊதவும் கூடாது, ஊசியால் குத்தவும் கூடாது. சவ்வு கிழிந்தால் ஒலியோடு நீர்காப்பும் போகும்.

பிள்ளைகள் நீச்சல் பழகும்போது பேசுவதும் சிரிப்பதும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், கரையில் நின்று கைபேசியில் எடுப்பதே நல்லது. நான் சொல்வது வாங்க வேண்டாம் என்பதற்கான வாதமாகவே இருக்கட்டும்.

சூடு, பேட்டரி, கார்டு

நீர் புகாத பெட்டிக்குள் காற்றோட்டமும் இருக்காது, ஆகவே சூடு வெளியேற வழி குறைவு. தண்ணீருக்குள்ளோ ஓடும் சைக்கிளிலோ இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வெயிலில் முக்காலியில் நிறுத்தி 4கே, நொடிக்கு 60 சட்டகம் என்று ஓடவிட்டால், சில மாதிரிகள் அரை மணி நேரத்துக்குள் 'சூடேறிவிட்டது' என்று சொல்லிப் படுத்துவிடும். மேடை நிகழ்ச்சியை முழுதாகப் பதிவு செய்ய இவை ஏற்றவை அல்ல.

சிறிய உடலில் சிறிய பேட்டரிதான் அடங்கும். மாற்றுப் பேட்டரி ஒன்றாவது இல்லாமல் வெளியே போகாதீர்கள், குளிர்ந்த நீரில் அது இன்னும் சீக்கிரம் வற்றும். கார்டுக்கு எளிய கணக்கு ஒன்று. நொடிக்கு 100 மெகாபிட் என்ற வேகத்தில் 4கே பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரத்தை எட்டாமலே நிரம்பிவிடும். கார்டின் மேல் வி30 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பதற்கு அது உறுதி.

தொலைவிலிருந்து கைபேசிச் செயலியால் கேமராவை இயக்கும் வசதி நீருக்கு மேலே மட்டும்தான். வைஃபை அலைகளைத் தண்ணீர் சில சென்டிமீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும். முங்குவதற்கு முன் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.

எந்த வகை யாருக்கு

சந்தையில் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் சமமானவை அல்ல.

முதலில் தள்ளிவிட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 'நீருக்கடியில் 4கே' என்று எழுதிய, பெயர் தெரியாத மலிவுக் கேமராக்கள். இவற்றில் பல குறைந்த தெளிவில் பதிந்து, பின்னர் புள்ளிகளைப் பெருக்கி 4கே என்று காட்டுபவை. நீர்காப்பும் கேமராவுக்கு உரியதன்று, கூட வரும் பிளாஸ்டிக் கூட்டுக்கு உரியது. அந்தக் கூட்டுக்குள் சூடான, ஈரமான காற்று அடைபட்டுக் குளிர்ந்த நீரில் இறங்கினால் முகப்புக் கண்ணாடியில் ஆவி படியும், படம் முழுக்க மூடுபனி. ஈரம் உறிஞ்சும் அட்டையைச் செருகினால் தப்பலாம். ஆனாலும் குழந்தைகள் கையில் விளையாடக் கொடுக்க மட்டுமே இதை வாங்குவேன்.

கூடு தரமானதாக இருந்தால் கதை வேறு. ஆழமாக முங்கிப் பழகியவர்கள் கூடில்லாமலே நீர் தாங்கும் கேமராவைக்கூடக் கூட்டுக்குள் வைத்துத்தான் இறக்குகிறார்கள். இரண்டு அரண்களில் ஒன்று விழுந்தாலும் மற்றது காப்பாற்றும் என்பது கணக்கு. புதுக் கூட்டை வாங்கியதும் கேமராவை வைக்காமல், ஒரு டிஷ்யூ தாளை மட்டும் மடித்து உள்ளே வைத்து மூடி, வாளித் தண்ணீரின் அடியில் ஒரு கல்லைக் கட்டிப் போட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துத் துடைத்துத் திறந்தால், தாளின் ஓரத்தில் ஓர் ஈரப்புள்ளி இருந்தாலும் பளிச்சென்று தெரியும். வாளியின் ஆழத்தில் தேறிய கூடு 20 மீட்டரிலும் தேறும் என்று இதற்குப் பொருளில்லை. வாளியிலேயே தோற்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம், அதுவரை லாபம்.

கட்டைவிரல் அளவுக் கேமராக்கள் இரண்டாவது வழி. இன்ஸ்டா360-இன் கோ 3எஸ் 39 கிராம்தான், 10 மீட்டர் தாங்கும். சட்டையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளலாம், நீச்சல் தொப்பியில் மாட்டலாம். ஆனால் அதன் திரையும் கூடுதல் பேட்டரியும் கொண்ட துணைப்பெட்டி சாரலை மட்டுமே தாங்கும், முங்காது. பெட்டியின் மேல் 10 மீட்டர் என்று பார்த்துவிட்டு முழுவதையும் சேர்த்துத் தண்ணீரில் போடுபவர் ஒருவராவது இருப்பார். திரையில்லாமல் எடுப்பதால் சட்டகத்தை ஊகித்துத்தான் பிடிக்க வேண்டும். எனக்கு இது இரண்டாவது கேமராவாகப் பிடிக்கும், ஒரே கேமராவாகப் பிடிக்காது.

டிஜி-7 போன்றவை மூன்றாவது வழி. எடை 249 கிராம், பாக்கெட்டில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும். நிழற்படம் முதலில், வீடியோ பிறகு என்று நினைப்பவருக்கும், பாறைக்குளங்களில் சின்ன உயிர்களைத் தேடுபவருக்கும் இதற்கு மாற்று இல்லை. பெரிய பொத்தான்கள், நனைந்த விரலுக்கும் கீழ்ப்படியும். வீடியோ மட்டுமே நோக்கம் என்றால் வேண்டாம்.

மிச்சமுள்ள பெரும்பான்மையினருக்கு ஆக்‌ஷன் கேமராதான். 150 கிராம் அளவிலான எடை, முன்னாலும் ஒரு திரை, விழுந்தாலும் தாங்கும் உடல், எதிலும் மாட்டிக்கொள்ளும் வசதி. நீச்சல், படகு, மழையில் சைக்கிள், சேறும் சகதியுமான பாதை என்று மாதத்தில் சிலமுறையாவது நனைபவர் இதை வாங்கலாம், வீணாகாது. ஆண்டுக்கு ஒரு விடுமுறைக்காக மட்டும் நினைப்பவருக்கு என் பதில் வேறு. வாடகைக்கோ கடனாகவோ கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மேசை இழுப்பறையில் பதினோரு மாதம் கிடக்கும் கேமராவின் வளையம் காய்ந்துபோகும், பேட்டரி வீங்கிப்போகும். அடுத்த விடுமுறையில் அதை நம்பி இறங்குவதுதான் ஆபத்து.

எதை வாங்கினாலும் மிதக்கும் கைப்பிடி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். இந்தக் கேமராக்கள் கல்லைப்போல் மூழ்குபவை. பிடி செம்மஞ்சள் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பும் நீலமும் கடையில் அழகு, அலைமேட்டில் கண்ணுக்கே படாது.

பழையதை வாங்கும் எண்ணமிருந்தால், அந்த மாதிரிக்குப் புதுக் கதவு தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் அதைத் தரையில் ஓடும் கேமராவாகக் கருதியே விலை பேசுங்கள். கிடைத்தால், கதவைத் திறந்து உள்விளிம்பை அருகில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வளையம் தட்டையாக அமுங்கிப்போயிருந்தாலோ, பேட்டரி முனைகளில் பச்சைப் படிவம் தெரிந்தாலோ, விற்பவர் 'ஒருமுறைகூட தண்ணீர் பட்டதில்லை' என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.